சிக்கன்குனியாவும் கூட்டாளியோட மிஷினும்

இத எழுதவே வேண்டாம்னுதான் கெடந்தேன், வெரல மடக்க முடியல. காலேஜுல படிக்கிற என் கூட்டாளி, போன்லயே ஒரு மிஷின் செஞ்சிருக்கான். ஒடம்புக்கு என்னன்னு சொன்னா, எந்தக் கொசுக் காய்ச்சல்னு அது கணிச்சிரும். எனக்குக் காய்ச்சல் அடிக்கவும் எங்கம்மா, "சாதா காய்ச்சல்னு அது சொன்னாத்தாம்லே மணிமுத்தாறு அருவிக்கு விடுவேன்"னுட்டா.

"மூட்டு வலிக்கா?"ன்னு மிஷின் கேட்டுச்சு. உயிர் போவுது, ஆனா அருவிய விட முடியுமா? "இல்ல வே"ன்னேன். கேட்ட அம்புட்டுக்கும் இல்லதான். அதுவும் சாதா காய்ச்சல்னுட்டுது.

அருவில குளிச்சவன் எந்திரிக்கல. கூட வந்த பயலுவ ஈரத் துண்டோட என்னய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனானுவ. ரத்தத்தப் பாத்த டாக்டர், சிக்கன்குனியான்னாரு.

கூட்டாளிக்குப் போன் போட்டேன். "ஏலே, ஒன் மிஷினு தோத்துட்டுலே!"

"பொய் சொன்னது நீ, ஊசிய அதுக்கா போடுவாவ?"