கொழுந்தன் கொண்டுவந்த வாளி

எங்கள் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட முதல் ஆம்பளை என் கொழுந்தன். பஞ்சாயத்துச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்த புதிதில், ஜீப்பில் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனவர், ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியோடு வந்து இறங்கினார். முகாமில் கொடுத்ததாம்.

எனக்கு வயிறு எரிந்தது. வாளிக்காக இல்லை. அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிய காரியம்; இன்னொன்று உடம்பு தாங்காது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கொழுந்தன் பெண்டாட்டிக்கு இரண்டுதான். நாள் தள்ளிப்போகுமோ என்று இனி அவள் விரல்விட்டு எண்ண வேண்டாம். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறுவாள். நான் இடுப்பில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக வாசலில் நின்று பார்ப்பேன்.

அந்த வாளியை அவள் குழாயடிக்குக் கொண்டுவந்த அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு வாளிக்கு ஆம்பளத்தனத்த வித்துட்டு வந்திருக்காவ, பாருங்கட்டி!"

குழாயடியே சிரித்தது. பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

பத்து நாள் கழித்து, பருத்திக்காட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தம்பி மாதிரி நீங்களும் ஒரு எட்டு போயிட்டு வாங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

அவர் பருத்திப் பொதியைக் கட்டிக்கொண்டே சொன்னார். "போறதாத்தான் இருந்தேன். தம்பி அடுத்த ஜீப்புக்கு என் பேரையும் குடுத்திருந்தான். நீ குழாயடியில சொன்னியே, அதத்தான் டீக்கடையில சொல்லிச் சிரிக்காவ. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

அந்த வருஷமே நாலாவதும் உண்டானது. பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் என்னை மீட்டார்கள். கையோடு ஆபரேஷனும் எனக்கே நடந்தது.

கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை வாளி. அதில் என் ரத்தத் துணிகளை அலசிப் பிழிந்து வைத்திருந்தாள் கொழுந்தன் பெண்டாட்டி.

"எந்திரிக்காதீங்கக்கா, தையல் வலிக்கும்" என்றாள்.

ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. அந்த மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.