பிடிக்கக் கூடாத சாயம்

என் ஈரலில் கட்டி இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து நான் ஒருவரையும் நம்பவில்லை. ஆண்டவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சபைக்குச் சாட்சி எழுத உட்கார்ந்துவிட்டு அதை மறைக்கக் கூடாது.

நான் ஆரையம்பதியில் கைத்தறி நூலுக்குச் சாயம் தோய்க்கிறவன். என் விரல்கள் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். திருவிருந்துக்குக் கை நீட்டினால் போதகர் முதலில் விரலைத்தான் பார்ப்பார். போன மாரி முடிந்த கையோடு, ஓயாத வயிற்றெரிவுக்காக ஸ்கேன் எடுக்கப் போனேன். எடுத்த தம்பி அதுவரை என்னோடு பகிடி விட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என் அடுத்த பகிடிக்கு அவர் சிரிக்கவில்லை; அப்போதே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

வீட்டில் அதைவிட மோசம். மனைவி மலர் என்னை ஏசுவதை நிறுத்திவிட்டா. கேட்காமலே இறால் பொரியல் வந்தது. சாகப் போகிறவனுக்குத்தான் இப்படிப் பொரித்துப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் தின்று முடித்தேன்.

"என்ன புள்ள, டொக்டர் எனக்குத் தெரியாம உனக்கு என்னமும் சொன்னவவா?"

"ஓம். உங்கட வாயையும் ஒருக்கா ஸ்கேன் பண்ணட்டாம்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவ வெகு நேரம் வெளியே வரவில்லை. வெங்காயம் உரித்தாவாம். அன்றைய கறியில் வெங்காயமே இல்லை.

பிறகு ஈரலுக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். போத்தலுக்குள் பார்த்தேன். சின்ன நூல் துண்டு போலக் கிடந்தது. அதன் முடிவைச் சொல்லக் கூப்பிட்ட டொக்டர் நிதானமான பெண். அவ சுற்றி வளைக்கவில்லை.

"எடுத்த சதைக்கு முதல் சாயம் போட்டுப் பாத்தம் ஐயா. புற்றாவும் இருக்கலாம், ஒண்டும் செய்யாத கட்டியாவும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல ஏலாம இருக்கு. வேற சாயங்கள் போட்டுப் பாக்கக் கொழும்புக்கு அனுப்புறம்."

சாயம்! எனக்கு மூக்கில் வியர்த்தது. "டொக்டர், சாயத்த நம்பாதீங்க. நான் சாயக்காரன். நூலில கொஞ்சம் எண்ணெய் இருந்தா அது ஒரு கதை சொல்லும், தண்ணி உப்பெண்டா வேறொரு கதை சொல்லும்."

"இது உங்கட சாயமில்ல ஐயா. ஒவ்வொண்டும் ஒரு புரதத்தத் தேடிப் போய் ஒட்டும். அது இருந்தா மண்ணிறமாத் தெரியும், இல்லாட்டித் தெரியாது. புற்றில ஒட்டுற ஒண்டு இருக்கு..."

அதற்குப் பிறகு அவ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. சாயம் பிடித்தால் புற்று. அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

அந்த வார ஜெபக் கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். வாழ்நாள் முழுக்க, சாயம் பிடிக்க வேணும் என்று ஜெபித்தவன் நான். அன்றைக்குக் கண்ணீரோடு அதையே தலைகீழாகக் கேட்டேன். "ஆண்டவரே, அங்க ஒரு சாயமும் பிடிக்கப்படாது. ஒண்டுகூடப் பிடிக்கப்படாது!" எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அடுத்து போதகர் எழுந்தார். சோறு ஆறிப் போகும்வரை ஜெபிக்கிற மனிதர் அவர். அன்றைக்கு, "ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஒரே வரி! எனக்கு விளங்கிவிட்டது. மலர் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறா. அடக்க ஆராதனைக்காக மூச்சைச் சேமிக்கிறார் மனிதர்.

கொழும்பிலிருந்து றிப்போட் வந்த அன்று இருவரும் போனோம். மலர் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தா.

"ஒரு சாயம் பிடிக்கல்ல. மற்றது நல்லாப் பிடிச்சிருக்கு" என்றா டொக்டர்.

"பிடிச்சிட்டுதா?" ஜெபம் பாதியில் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவ கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினா. வெளிறிய தரையில் மண்ணிறத் திட்டுகள். ஒன்றோடொன்று கை கோத்து வளைந்து வளைந்து போயின.

"பாருங்க, தேசப்படம் மாதிரி இல்லியா? இந்தச் சாயம் இப்பிடிப் பிடிச்சா எங்களுக்குச் சந்தோசம். புற்றில ஒட்டுறது ஒட்டல்ல, ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கு. ஸ்கேனும் இதோட ஒத்துப் போகுது. இது புற்றில்ல ஐயா. வெட்டவும் தேவையில்ல, இடைக்கிட ஸ்கேன் எடுத்துப் பாப்பம்."

"ரெண்டும் பிடிக்காமப் போயிருந்தா?"

"மறுகாவும் சந்தேகத்திலதான் நிண்டிருப்பம்."

நான் விடவில்லை. "அது என்ட நூல்தானா டொக்டர்? மாறிக் கீறி..."

"இஞ்ச பாருங்க, வாயப் பொத்துறீங்களா!" மலர் என் முதுகில் ஒன்று போட்டா. பழைய மலர். அந்த அடியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பும் வழியில் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினேன். கீழே வாவி. தண்ணீரும் திட்டுகளும் பின்னிக் கிடந்தன. திரையில் பார்த்த அதே படம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன். நான் கேட்டதை அப்படியே தந்திருந்தால் என் கதி என்ன?

ஞாயிற்றுக்கிழமை போதகரைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, அண்டைக்கு ஏன் ஒரு வரியில முடிச்சீங்க?"

"நீ சாயக்காரன். ஆண்டவருக்கே சாயப் பாடம் எடுத்து முடிச்சிட்டாய். மறுகா நான் என்னத்தக் கேக்கிற?"

இப்போது என் ஜெபமும் சின்னதாகிவிட்டது. சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் இது பொய்ச்சாட்சி ஆகிவிடும். நேற்றும் இறால் பொரியல் வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். இறால் மலிவாம்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இப்போது ஒரு றிப்போட்டுக்காகக் காத்திருக்கலாம். சோதனைக்குப் பயந்து வீட்டில் ஒளிந்திருக்காதீர்கள். டொக்டர் சொல்வதைப் பாதியில் விடாமல் கேளுங்கள். ஆண்டவரிடம் அழுங்கள், கெஞ்சுங்கள், சண்டையும் பிடியுங்கள், அவர் தாங்குவார். எந்தச் சாயம் பிடிக்க வேண்டும், எது பிடிக்கக் கூடாது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். அந்தத் தொழில் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.