மகள் பெயரில் பேசிய ராட்னி கூபிக்

ராட்னி கூபிக்கை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் நடுநிலையாக எழுதவில்லை என்று குறை சொல்ல வேண்டாம்.

அவர் எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்களை விற்கிறார். நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு அவர் இல்லாமல் ஆகாது. பழுது என்று கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்தே எழுந்து போவார். இதையெல்லாம் அவருடைய இறுதிச் சடங்கில் யாராவது சொல்லட்டும். நான் சொல்ல வந்தது அவர் தன் மகள் லேனிக்குச் செய்ததை.

லேனியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாலிபால் அணி. நான் பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தை எடுப்பவள். லேனி செட்டர், அதாவது அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். எனக்கு உயரமும் இல்லை, கல்லூரியில் ஆடும் ஆசையும் இல்லை. லேனிக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. ஆனால் கல்லூரி அணிகள் அடிக்கிறவர்களை மூன்று நான்கு பேர் எடுத்தாலும் செட்டரை ஆண்டுக்கு ஒருத்தியைத்தான் எடுக்கும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. லேனி விரும்பிய பல்கலைக்கழகத்தில் எங்கள் வருடத்துக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த ஒருத்தியாக அவள் ஆக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ராட்னி இதை "நாங்க" என்றுதான் பேசுவார். கான்சஸ் சிட்டியில் பெரிய போட்டி நடக்கும்போது ஒரே கூரைக்குக் கீழே நூறு ஆட்டம் ஓடும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆடுகளம் ஆடுகளமாகப் போவார்கள். ராட்னி கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, அவர்கள் காதில் விழுகிற மாதிரி பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்.

"நாங்க செட்டர். இந்த வருஷம் நாங்க ரெண்டு அங்குலம் வளந்துட்டோம்."

"நீ பக்கவாட்டுல வளந்தது எங்களுக்கும் தெரியுது, ராட்னி" என்றாள் என் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் பாதி வரைக்கும் பெரிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் எங்களோடு பேசக்கூடாது. நாங்கள் எழுதலாம், அவர்கள் பதில் போடக்கூடாது. அந்த நாளுக்காக ராட்னி புதிதாக ஒரு எண் வாங்கினார். அதுதான் லேனியின் எண் என்று எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் கொடுத்தார். ஆனால் அந்த போன் இருந்தது அவருடைய சட்டைப் பையில். பயிற்சியாளர்கள் லேனிக்கு அனுப்பிய ஒவ்வொரு மெசேஜுக்கும் அவர்தான் லேனியாகப் பதில் போட்டார், சிரிப்பு முகம், உருளும் பந்து எல்லாம் வைத்து. யாராவது கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு லேனியைப் பேச வைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று எதிரே நின்று வாயசைப்பார்.

"இதுக்கு நீ எப்படிடி ஒத்துக்கிட்ட?" என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்கு 'ஹாய் கோச்'சுக்கு மேல ஒண்ணும் வராது, டார்சி. அவருக்கு நல்லா வருது. நீ உன் வேலையைப் பாரு."

இது எங்கள் பக்கத்தில் பெரிய அதிசயமும் இல்லை. பாதி வீட்டில் அப்பாவோ அம்மாவோதான் பிள்ளை பேரில் எழுதுகிறார்கள். வெளியில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஹாலரன் என்ற பெண்மணி. ஜூனிலிருந்து இலையுதிர்காலம் வரை வாரா வாரம் மெசேஜ் அனுப்பினார். பிறகு பல்கலைக்கழகத்தை வந்து பார்க்கும்படி அழைத்தார். ராட்னி ஊரெல்லாம் சொன்னார். சர்ச் வாசலில் கொலாச்சி என்ற பழ ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "நாங்க போறோம், முடிஞ்ச மாதிரிதான்" என்றார்.

அங்கே நடந்ததை மறுநாள் பள்ளிப் பேருந்தில் லேனி எனக்குச் சொன்னாள். ஹாலரன் தன் உதவியாளரைக் கூப்பிட்டு, ராட்னிக்கு உடற்பயிற்சிக் கூடத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பாக்குறோம்" என்றார் ராட்னி.

"நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் ஹாலரன். பிறகு லேனியைப் பார்த்து, "கான்சஸ் சிட்டில தோத்தப்ப அழுதுக்கிட்டிருந்த பிள்ளைங்களை எல்லாம் உக்கார வெச்சுப் பேசினேன்னு எழுதியிருந்தியே. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. என்னதான் சொன்ன அவங்ககிட்ட?" என்று கேட்டார்.

லேனிக்கு முகம் சுட்டுவிட்டதாம். அன்றைக்கு அவள் கழிப்பறையில் தாளிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்களிடம் பேசியது நான். பேசினேன் என்றால், எல்லாருக்கும் பிஸ்ஸா வாங்கித் தரச் சொல்லி என் அம்மாவை மிரட்டினேன், அவ்வளவுதான். ராட்னி அதை எடுத்து, மெருகேற்றி, மகள் பேரில் போட்டுவிட்டார்.

"நான் பேசல கோச். அதை எழுதினது எங்க அப்பா."

"அது மட்டுமா?"

"எல்லாமே."

"அப்ப ஜூன்லேருந்து நான் யார்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்?"

"பாசன மெஷின் விக்கிறவர்கூட."

ஹாலரன் சிரித்தார். சிரித்து முடித்ததும் சொன்னார்: "அந்தப் பொண்ணை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. உன்னை எனக்குத் தெரியவே தெரியாது, லேனி."

"எனக்கு இடம் உண்டா?"

"ஒரு இடம். ஒமாஹாவுல ஒருத்தி இருக்கா. வாக்கியத்துக்கு ரெண்டு எழுத்துப்பிழை விடுவா, ஆனா அவளே எழுதுறா. நீ இன்னும் கொஞ்ச நாள் பேசு என்கிட்ட. நீயா பேசு. அப்புறம் முடிவு பண்றேன்."

கதவு முழுதாக மூடவில்லை, பாருங்கள். லேனிக்கு அது போதும்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அவ கேட்டா நீ சொல்லிடுவியா?" என்றார் ராட்னி.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"வாயை மூடிக்கிட்டிருக்கச் சொல்றேன். அதுதான் உனக்கு நல்லா வருமே. எனக்கு எழுதிப்போட ஒரு ஆள் இருந்திருந்தா நான் இங்க குழாய் வித்துக்கிட்டிருக்க மாட்டேன், தெரியுமா?"

அந்தக் கதை ஊருக்கே தெரியும். அவர் பள்ளியில் நல்ல ஃபுட்பால் ஆட்டக்காரர். அவருடைய ஆட்டப் படச்சுருளைக் கல்லூரிகளுக்கு அனுப்புவதாகச் சொன்ன பயிற்சியாளர் கடைசிவரை அனுப்பவில்லை. அதற்காக ராட்னியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். எனக்குப் புரிகிறது. புரிந்தும் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த நாள், லேனியும் நானும் கணக்கு வகுப்பில் இருந்த நேரத்தில், ஹாலரனுக்கு அதே எண்ணிலிருந்து மறுபடியும் லேனியாக எழுதினார். 'நேற்று பதற்றத்தில் ஏதோ உளறிவிட்டேன் கோச், அப்பா ஒரு வரிகூட எழுதினதில்லை, எல்லாம் நானேதான்' என்று. பக்கத்தில் சிரிப்பு முகம்.

ஹாலரன் அதை எங்கள் பள்ளிப் பயிற்சியாளருக்கு அனுப்பிவிட்டார். அவர் பயிற்சிக்கு முன்னால் லேனியை ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டினார். "அந்தம்மா ஒமாஹா பொண்ணுக்கு இடத்தைக் கொடுத்துட்டாங்க. உன் மேல கோபம் இல்லையாம். ஆனா அந்த வீட்ல யார்கூடப் பேசுறோம்னே தெரியாம நாலு வருஷம் ஓட்ட முடியாதுன்னு சொல்றாங்க."

லேனி பயிற்சிக்குப் போனாள். அன்று அவள் தூக்கிக் கொடுத்த பந்தெல்லாம் கல் மாதிரி வந்தது. அடித்தவர்கள் திட்டினார்கள்.

வீட்டில் அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அவளுடைய அம்மா ஜானிஸ், "உனக்காகத்தானே பண்ணினார்" என்றாள். "எனக்காக இல்ல, எனக்குப் பதிலா" என்றாள் லேனி. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட ஜானிஸ் வழியாகத்தான் கேட்டார்கள்.

பிறகு லேனி எங்கள் வீட்டுக்கு வந்து, தன் சொந்த போனிலிருந்து தானே எழுத ஆரம்பித்தாள். நான் திருத்த வந்தபோது கையைத் தட்டிவிட்டாள். அவள் எழுதியது இவ்வளவுதான்: 'நான் லேனி கூபிக், செட்டர், ஐந்தடி பத்தங்குலம். இதோடு ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ இருக்கிறது. மூன்றாவது செட்டில் முக்கியமான பந்து ஒன்றை வலையில் விட்டிருக்கிறேன், அதை நான் வெட்டவில்லை. என் வருடத்துக்கு உங்களுக்குச் செட்டர் வேண்டுமா?'

நிறையப் பேர் பதில் போடவில்லை. சிலர் கட்டணம் கட்டிக் கோடைப் பயிற்சி முகாமுக்கு வரச் சொன்னார்கள். இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், முகாமுக்குக் கூப்பிட்டால் உங்களைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயிரம் பேருக்கு அதே கடிதம் போகும். 'இடம் இருக்கிறதா, ஸ்காலர்ஷிப் உண்டா, என் வருடத்துக்கு வேறு யாரைப் பார்க்கிறீர்கள்' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் எப்படியும் உங்களுக்கு இடம் இல்லை.

மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிற ஒரு இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து டீட்ஸ் என்ற பயிற்சியாளர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'வேண்டும். அந்தப் பந்தை ஏன் வலையில் விட்டாய்?'

'பயந்துவிட்டேன்' என்று லேனி எழுதினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. ஸ்காலர்ஷிப்போடு இடம் தருவதாகச் சொன்னார்.

ராட்னி கேட்டதும் கத்தினார். "ரெண்டு வருஷக் காலேஜா? மாட்டுச் சந்தைக்குப் பக்கத்துலயா? நாங்க இதுக்கா இத்தனை வருஷம் ஊர் ஊரா ஓடினோம்?"

"நீங்க போகல. நான் போறேன்."

அந்த வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அது ஒன்றுதான். பள்ளி ஜிம்மில் மேசை போட்டு, அந்தக் கல்லூரியில் சேர்வதாக லேனி கையெழுத்துப் போட்டபோது ஜானிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராட்னி பார்வையாளர் வரிசையின் கடைசிப் படியில் நின்றுகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி முடிந்த கோடையில் நான் தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் மதியம் லேனி என்னோடு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது டீட்ஸ் கூப்பிட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் பேர்ல இன்னொரு நம்பர்லேருந்து மெசேஜ் வருது. கோடை முழுக்க எடை தூக்கிக்கிட்டிருக்கேன், அணித்தலைவி ஆகணும்னு ஆசை, அப்படியெல்லாம். நீயா அது?"

"இல்ல கோச்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ரொம்ப இனிப்பா இருந்துச்சு. என்ன பண்ணட்டும்?"

"பிளாக் பண்ணிடுங்க."

"உங்க அப்பாவையா?"

"அந்தப் பொண்ணை" என்றாள் லேனி, மீதி சாண்ட்விச்சைத் தாளில் சுற்றிக்கொண்டே.

ஆகஸ்டில் அவள் கிளம்பிப் போனாள். அந்த எண்ணை டீட்ஸ் பிளாக் செய்துவிட்டதை ராட்னியிடம் யாரும் சொல்லவில்லை. பிளாக் செய்தால் அனுப்புகிறவருக்குத் தெரியாது, மெசேஜ் போய்ச் சேர்ந்த மாதிரிதான் இருக்கும்.

போன வாரம் ராட்னி கடைக்கு வந்தார். நாய்த் தீவனம் இரண்டு மூட்டை கேட்டார். நான் எடுத்து வரும்வரை கல்லாவில் சாய்ந்துகொண்டு போனில் எதையோ தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார்.

"அந்த டீட்ஸ் ஒரு மெசேஜுக்கும் பதில் போட மாட்டேங்கிறான். சீசன் ஆரம்பிச்சிடுச்சு, பிஸி போல" என்றார்.

"இருக்கும்" என்றேன். மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன்.