சைரனுக்காக ஆறு மாத ஜெபம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தோரு வயது. கட்டடத்தின் அடித்தளத்தில், சன்னலே இல்லாத நீளமான கூடம் அது. ஒரு பக்கம் ஆறு துவைக்கும் இயந்திரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும். மறுபக்கம், ஈர விரிப்புகளை விழுங்கிச் சுடச்சுட மழமழவென்று வெளியே தள்ளும் உருளை இயந்திரம். அந்த இரைச்சலையெல்லாம் மீறிக்கொண்டு கேட்கும் குரல் ஒன்றே ஒன்றுதான். அது சூப்பர்வைசரம்மாவின் குரல். அதனால் எல்லோரும் அவருக்கு வைத்த பட்டப்பெயர் சைரன்.

சைரன் “தலையணை உறை எங்கே?” என்று கேட்டாலே, நீதான் திருடினாய் என்று சொல்வதுபோல இருக்கும். மூன்றாம் நாளே அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ரத்தக்கறை பட்ட விரிப்புகளை மற்றவற்றோடு ஒரே மூட்டையில் போட்டுவிட்டாள். தப்பு அவளுடையதுதான். ஆனால் அழுதுகொண்டே, தலை குனிந்தபடி அவள் சொன்ன சமாதானத்தைச் சைரன் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நகர்ந்துவிட்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே மனசுக்குள் அந்த அம்மாளுக்குக் கதவைச் சாத்திவிட்டாள்.

அவளுக்குச் சனிக்கிழமைதான் ஆறுதல். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆலயத்தின் பின்னறையில் ஐந்து பேர் கூடுவார்கள். அவள், அவள் அண்ணன், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காள் தங்கை, எங்கே போனாலும் கிடாரோடு போவதால் கிடார் என்றே பெயர் வாங்கிய ஒருவன். பழைய பாட்டுப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு பாடுவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் கிடார் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“ஞாயித்துக்கிழமை நாம நல்ல கிறிஸ்தவங்கதான். திங்கக்கிழமை யாரு?”

அன்றைக்கே ஐந்து சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். உபவாசம், மௌனம், வேதவாசிப்பு, யாருக்கும் தெரியாமல் ஓர் உதவி, பிடிக்காத ஒருவருக்காகத் தினமும் ஜெபம். எடுத்த சீட்டை ஆறு மாதம் கடைப்பிடிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது.

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருவதற்குள் மறுசோறு கேட்கும் அண்ணனுக்கு உபவாசம் வாய்த்தது. “வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடல. ஜெபம் வரும்னு பார்த்தேன், கோவம்தான் வந்துச்சு” என்று முதல் வாரமே ஒப்புக்கொண்டான். கிடாருக்கு மௌனம். தினமும் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் விரல்கள் மட்டும் தொடையில் தாளம் போடுகின்றன என்றான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை.

அவளுக்கு வந்தது ஐந்தாவது சீட்டு. யாருக்காக என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வேலை தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து, உடை மாற்றும் அறையின் மரப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். முதல் வாரம் அவள் செய்த ஜெபம் இவ்வளவுதான். ‘ஆண்டவரே, அவங்களுக்கு எங்கேயாவது தூரமா மாத்தல் கிடைக்கட்டும்.’ சனிக்கிழமை அதை அப்படியே சொன்னாள்.

“அது ஜெபம் இல்ல, புகார் மனு” என்றாள் மருந்துக்கடைத் தங்கை.

அதன் பிறகு ‘அவங்களை ஆசீர்வதியும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். அது அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் வாரம் அண்ணனிடம் முறையிட்டாள்.

“என்ன கேக்கறதுன்னே தெரியலண்ணா. அவங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“அப்போ ஒரு வாரம் சும்மா கவனிச்சுப் பாரு. திட்டறதை விட்டுட்டு ஆளைப் பாரு.”

பார்த்தாள். சைரன் எப்போதும் முதுகைச் சுவரில் சாய்த்து, எல்லோர் முகமும் தெரியும்படிதான் உட்காருகிறார். மேசையில் டெலிபோன் அடித்தால் வேறு யாராவது எழுந்து போன பிறகுதான் திரும்புகிறார். இது என்ன பழக்கம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒருநாள் விரிப்பு மடிக்க ஜோடி ஆள் வரவில்லை. சைரனே மறுமுனையைப் பிடித்தார். இருவரும் எதிரெதிரே நின்று விரிப்பை உதறி, முனையோடு முனை சேர்க்க நெருங்கி வந்தார்கள். அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே கேட்டாள்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க மேடம்?”

“ஒரே பொண்ணு. நர்ஸ் படிப்பு படிக்குது.”

இந்த இரைச்சலில் அந்த முணுமுணுப்பு எப்படிக் கேட்டது? சைரன் மடித்ததை அடுக்கத் திரும்பியபோது, “எந்த வருஷம்?” என்றாள். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டாள். அப்போதும் இல்லை. சைரன் மீண்டும் முகம் பார்த்து நின்றதும் கேட்டாள், உடனே பதில் வந்தது. அந்தக் கண்கள் அவள் உதட்டின் மேலேயே இருந்தன.

அவள் கையிலிருந்த முனை நழுவிவிட்டது. தான் தலைகுனிந்து சொன்ன சமாதானம் நினைவுக்கு வந்தது. அன்று அந்த அம்மாள் அதை அலட்சியம் செய்யவில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை ஜெபத்துக்குப் பத்து நிமிஷமும் போதவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சரிவுப் பாதையில் கைதவறி உருண்டது. எல்லோரும் கத்தினார்கள். சரிவின் அடியில் முதுகைக் காட்டிக் குனிந்திருந்த சைரன் மட்டும் அசையவில்லை. அவள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டி இழுத்தாள். இரண்டு பேரும் அழுக்குத்துணிக் குவியலில் போய் விழுந்தார்கள்.

“எதுக்குடி என்னைப் புடிச்சு இழுத்த?” என்று சீறியபடி எழுந்த சைரன், சுவரில் மோதி நின்ற வண்டியைப் பார்த்ததும் அடங்கிப்போனார்.

மத்தியானம் துணி வைக்கும் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“ரெண்டு வாரமா.”

“யார்கிட்ட சொன்ன?”

“ஆண்டவர்கிட்ட மட்டும்.”

உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று சைரனுக்குச் சந்தேகம். “யார்கிட்ட?”

“ஆண்டவர்கிட்ட. தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றேன் மேடம். மொதல்ல, உங்களுக்கு மாத்தல் வரணும்னுதான் கேட்டேன்.”

சைரன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் அழுகையில் கோணியது. “வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நான் பேசறது எனக்கே கேக்கல. அதான் கத்தறேன் போல.”

“மூணாவது மாடில காது டாக்டர் இருக்காரு. நானும் கூட வரேன்.”

“நீ உன் ஜெபத்தோட நிறுத்திக்க.”

நான்கு நாள் அவள் பக்கமே திரும்பவில்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்ததும் தானாகவே வந்து, “படியில போலாமா, லிப்ட்டா?” என்றார்.

காதுக்கருவி மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள் சைரன் கூடத்தின் நடுவில் திகைத்து நின்றார். “இந்த மிஷினெல்லாம் இவ்வளவு சத்தமா போடுது? எப்படித்தான் இதுல வேலை பாக்கறீங்க?” வேலையும் போகவில்லை. மேலே, சத்தமில்லாத துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். முதல் வாரம் அவள் கேட்ட மாற்றல் கிடைத்தது, ஒரு மாடி தூரத்துக்கு மட்டும். சைரன் கும்பிடுவது வேறு சாமி. அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் எதிரே பார்த்தால், “இன்னைக்கு எனக்கு என்ன கேட்ட?” என்று விசாரிக்காமல் விடமாட்டார்.

ஆறு மாதம் முடிந்தும் ஐந்து பேரும் விடவில்லை. சீட்டுகளை மாற்றிக்கொண்டு இன்னும் ஒன்றரை வருஷம் போனது. பிறகு அண்ணனுக்குக் கல்யாணம், கிடாருக்கு வெளிநாட்டு வேலை, அக்காள் தங்கை வீடு மாறிப் போனார்கள். பின்னறை இப்போது ஆலய அலுவலகம்.

அவளுக்கு ஐம்பது கடந்துவிட்டது. காலை பஸ்ஸில் அந்தப் பத்து நிமிஷத்தை இன்னும் வைத்திருக்கிறாள். சில நாள் தூங்கிப்போவதும் உண்டு. ஜெபிப்பதற்கு யாரும் தேவையில்லை. ஆனால் முகத்துக்கு நேராக, “இந்த வாரம் செஞ்சியா?” என்று உரிமையோடு கேட்ட நாலு பேர் ஒரு காலத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அதுதான் அவளை ஏங்க வைக்கிறது.

சைரன் இறந்து இரண்டு வருஷமாகிறது. மகள் எங்கோ தலைமை நர்ஸாக இருக்கிறாள். எப்போதாவது போன் செய்வாள், காது கேட்காத அம்மாவோடு பேசிப் பழகிய குரலில் காது பிளக்கும்படி பேசுவாள். இவள் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பேசு என்று ஒருநாளும் சொல்லாமல், முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பாள்.