சிவந்துபோன பச்சையவுருமணிகள்

ஒன்பதாம் ஆண்டில் எங்கள் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான மிஸ், பதுளையில் நடக்கும் போட்டிக்குத் தாவரக் கலத்தின் மாதிரி ஒன்றைச் செய்துவர என்னைத் தெரிவு செய்தார். அங்கே இடம் கிடைத்தால், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் உள்ள டவுன் பாடசாலையில் சேர அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும் என்றார். எங்கள் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து போக வேறு வழி இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். அவர் ஆசை காட்டிப் பேசுகிறவர் இல்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.

போட்டி திங்கட்கிழமை. ஞாயிறு மத்தியானம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நானும் அம்மாவும் அப்பாவும் பாயை விரித்து உட்கார்ந்தோம். பசறையில் ஒரு ரேடியோக் கடை வீசிய, பெட்டிக்குள் பொதிந்து வரும் வெள்ளை ரெஜிபோம் பலகைதான் அடித்தளம். பிரிஸ்டல் போட் அட்டையில் கலச்சுவர், பாதியாக வெட்டிய ரப்பர் பந்தில் கரு, சொப்பிங் பேக்கில் தண்ணீர் கட்டிப் புன்வெற்றிடம், இழைமணிக்கு வீட்டில் இருந்த கௌபிப் பயறு. எல்லாம் சரியாக வந்தது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிக்கு எடுத்துவைத்த பச்சைக் களிமண்தான் கல்லாக இறுகிக் கிடந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். "வெண்ணெய கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலையிறியே" என்று திட்டிவிட்டு, லயத்துக்குப் பின்னால் போய் மடி நிறையக் கொழுந்து கிள்ளி வந்தார். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் மெசினில் வேலை. அவர் கொழுந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, சாறு கசியக் கசிய, ஒரே அளவில் நாற்பது உருண்டை உருட்டினார். மெசின் தோற்றுப்போகும். பச்சைப் பசேலென்று இருந்தன. காய்ந்துவிடக் கூடாது என்று அம்மா மேலே ஈரத் துணியைப் போர்த்தினார்.

கொழுந்தைக் கசக்கி ஈரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தோட்டத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். தேயிலை செய்வதே அப்படித்தான். ஆனால் ஸ்டோரில் அது தேயிலை, எங்கள் பாயில் அது விஞ்ஞானம். அதனால் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. இப்போது நினைத்தாலும் மூன்று பேர் மீதும் எரிச்சல் வருகிறது.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு, மாதிரியை வைத்த பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தார். வழியில் இரண்டு தரம் துணியில் தண்ணீர் தெளித்தார். மண்டபத்தில் துணியை எடுத்தேன். நாற்பதும் செம்பு நிறம். ஸ்டோர் வாசனை குப்பென்று அடித்தது.

நடுவராக வந்த விஞ்ஞான சேர் குனிந்து பார்த்தார். "பச்சையவுருமணி ஏன் மகள் இந்த நிறத்துல இருக்கு? செத்துப்போன கலமா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். நான் துணியைத் திரும்பப் போர்த்தப் பார்த்தேன். பின்னால் நின்ற அப்பா மெதுவாகச் சொன்னார்.

"கொழுந்த கசக்கினா உள்ளுக்கு இருக்கிற அறையெல்லாம் ஒடையுது சேர். சாறு வெளிய வந்து காத்து படுது. அதான் செவக்குது."

"நான் பிள்ளைகிட்டதான் கேட்டேன்" என்றார் சேர்.

எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் பக்கம் திரும்பி, "சும்மா இருங்கப்பா" என்றேன். சும்மா இருந்தார். சேர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

இடம் கிடைக்கவில்லை. டவுன் பாடசாலையும் இல்லை. கிட்டே இருந்த பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும்தான் இருந்தது, அதைப் படித்தேன், அதுவும் சரிவரவில்லை. இப்போது பதுளையில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். போன மாதம் உயர்தர உயிரியல் புத்தகங்களை அடுக்கும்போது ஒன்றைப் புரட்டினேன். கலம் உடைவது, சாறு, காற்று, நிறம் மாறுவது எல்லாம் அதில் இருந்தது. அப்பா சொன்னதுதான், நொதியம் என்ற ஒரு சொல் மட்டும் கூடுதல்.

தாவரக் கலத்தின் மாதிரி இப்போது பெட்டியில் ரெடியாகவே வருகிறது. நானே விற்கிறேன். போன கிழமை கிளினிக்குக்கு வந்த அப்பா கடைக்கும் வந்து, அந்தப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரிப்பா. புத்தகத்துல அப்படியே இருக்கு."

"தெரியும் பாப்பா. எத்தன வருசமா அதே வேல பாக்குறேன்."

"அப்ப அந்த சேர்கிட்ட இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

அப்பா பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். "நீதானே சும்மா இருக்கச் சொன்ன" என்றார்.