முன்னறையில் போட்ட இலை

சித்தப்பா ஊருக்கு வந்தபோது ஏன் நம் வீட்டில் தங்காமல் எறணாகுளத்தில் லாட்ஜ் எடுத்தார் என்று சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்டீர்கள். "அமெரிக்காவில் இருந்து பழகினவருக்கு மட்டாஞ்சேரிக் கொசுவில் தூக்கம் வராது" என்று சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டீர்கள். நான் சொன்னது பொய்.

இப்போது மூத்தவள் அதே தேசத்துக்குப் படிக்கப் போகிறாள். முதல் வாரம் சித்தப்பா வீட்டில்தான் இருக்கப் போகிறாள். அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டான், அது எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு நின்றவன். மிளகு மூட்டையில் மை தொட்டு நம்பர் போடுவதுதான் என் வாழ்நாள் எழுத்து. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் போனபோது தம்பிக்குப் பதினொரு வயது. எனக்குப் பத்தொன்பது. யூதர் தெருவான ஜூ டவுனில், மிளகும் ஏலமும் விற்கிற ஒரு மலஞ்சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து அவனைப் படிக்க வைத்தேன். அவனும் படித்தான், என்னைப் போல் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிட்டியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்துப் போனான். மாதம் ஒரு நீலக் கடிதம் வரும். "சௌக்கியம். இங்கே பனி பெய்கிறது. படிப்பு நன்றாகப் போகிறது. மன்னிக்கு நமஸ்காரம்." அவ்வளவுதான் இருக்கும். எதுவும் கேட்கமாட்டான்.

கேட்டது ஒரே ஒரு தடவை. அந்தக் கடிதம் நீளமாக இருந்தது. அவனோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்த சிநேகிதர் படிப்பு முடிந்து சொந்த ஊரான கென்யாவுக்குத் திரும்புகிறார், பம்பாய் வழியாகச் சுற்றிப் போகிறார், அங்கிருந்து ரயிலேறி கொச்சிக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறார் என்று எழுதியிருந்தான். கடைசியில் இப்படி: "அண்ணா, அவனை உள்ளே கூப்பிட்டு, உன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடு. நான் எப்படி உட்காருவேனோ அப்படி. இது ஒன்றுதான் கேட்கிறேன்."

"செய்யலாமே" என்றாள் உங்கள் அம்மா. அப்போது கல்யாணமாகி எங்களுக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது.

செய்திருக்கலாம். ஆனால் அப்போது நாம் குடியிருந்தது நம் ஜாதிக்காரர்கள் நடத்தின கோவில் சமூகத்துக்குச் சொந்தமான வரிசை வீடு. எதிர் வீட்டு மாமா சமூகத்தின் காரியஸ்தர். தபால்காரன் என்ன கொண்டுவந்தான் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டார்.

"என்னடா, ஆப்பிரிக்காலேர்ந்து விருந்தாளி வராளாமே?"

"தம்பியோட சிநேகிதர், மாமா. ஒரு பகல்தான்."

"வரட்டும், வரட்டும். யாரு வேண்டாங்கறா? காப்பி குடு, ஊரைச் சுத்திக் காட்டு. அடுக்களை வரைக்கும் கூட்டிண்டு போயிடாதே, கேட்டயா. நாளைக்கு சமூகத்துல நாலு பேர் கேட்டா நான்னா பதில் சொல்லணும்? உன் தம்பி அங்கே என்ன தின்னாலும் நமக்குத் தெரியப் போறதில்லை. நீ இங்கேன்னா இருக்கே."

அவர் மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்றுகூட நான் நினைக்கவில்லை. நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்கிற பயம், அவ்வளவுதான். கிடங்கில் நான் யாரோடு சாயா குடிக்கவில்லை? மூட்டை தூக்குகிற முஸ்லிம் இக்காமாரோடு, குஜராத்தி சேட்டோடு, பள்ளுருத்தியிலிருந்து வருகிற மலையாளச் சேட்டன்மாரோடு, ஒரே பெஞ்சில், ஒரே வாளியில் கழுவின கிளாஸில் குடிப்பேன். அந்தச் சந்துக்குள் நுழைந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவேன். அப்படி ஒரு மனுஷன் நான்.

அவர் வந்த அன்று காலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு நல்ல தலைவாழை இலை வாங்கி வந்தேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "இலை எதுக்கு? இன்னிக்கு ஒண்ணும் விசேஷம் இல்லையே. தட்டு வெச்சாப் போறாதா?" என்றாள்.

"இலைதான் நன்னா இருக்கும். முன்னறையில போடு."

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பண்டிகைக்கும் சிராத்தத்துக்கும்தான் இலை. மற்ற நாளெல்லாம் தட்டு. அந்தத் தட்டில் அவர் சாப்பிட்டால் பிறகு அதை என்ன செய்வது என்பதற்காகத்தான் இலை. இலையென்றால் எடுத்துத் தூர எறிந்துவிடலாம். அவளுக்கு அது புரிந்தது. "ஷரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எறணாகுளத்து போட் வந்து நிற்கிற படகுத்துறையில் அவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. எல்லாருக்கும் மேலே ஒரு தலை உயரம். தோளில் காமிரா. என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பி, "அண்ணா, சௌக்கியமா?" என்றார். என் தம்பி எப்படி இழுத்துச் சொல்வானோ அதே இழுப்பு. என்னுடைய இங்கிலீஷ் கிடங்கு இங்கிலீஷ். அவர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். நடுநடுவே அவன் கற்றுக்கொடுத்த தமிழ் வார்த்தைகள் வரும்.

வீட்டு வாசலில் யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றினார். முன்னறையில் உட்கார்ந்ததும் வெளியாட்களுக்கென்று வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் உங்கள் அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் அதை உதட்டில் படாமல் உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றினார். பாதி வாயில், பாதி சட்டையில். "உங்கள் வீட்டில் இப்படித்தான் குடிக்க வேண்டும் என்று அவன் சொன்னான். ஒரு மாதமாகப் பழகுகிறேன், இன்னும் வரவில்லை" என்று சிரித்தார்.

நம் வீட்டுக்குள் வருவதற்காக ஒரு மாதம் பழகியிருக்கிறார். நான் இலை வாங்கி வைத்திருந்தேன்.

சாப்பாடு போட்டோம். முன்னறை என்றால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சுவரில் என் சைக்கிள் சாய்ந்திருக்கும், இன்னொரு சுவரில் கரெண்ட் மீட்டர் பெட்டி. புடவை விற்கிறவனையும் மீட்டர் பார்க்கிறவனையும் உட்கார வைக்கிற இடம். அங்கே இலைக்கு முன்னால் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு பரிமாறினேன்.

"நீங்கள் சாப்பிடவில்லையா அண்ணா?"

"விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் நாங்கள்" என்றேன். அது நான் சொன்ன இன்னொரு பொய்.

"எனக்கு மட்டும் தனியாக இவ்வளவு பெரிய இலை! ராஜா மாதிரி" என்றார். அப்புறம்தான் அந்த அறையின் கதையைச் சொன்னார். அவர்கள் இருந்த விடுதியில் சமைக்கக் கூடாதாம். கட்டிலுக்கு அடியில் ஒரு மின்சார அடுப்பை ஒளித்து வைத்துச் சோறு வடிப்பார்களாம். தம்பி கடுகு தாளித்தால் நாலு அறைக்கு வாசம் போகும். விடுதிக்காரர் வந்து கதவைத் தட்டினால், "என் பூட்ஸ் பாலிஷ் சார், எங்கள் நாட்டுப் பாலிஷ்" என்று இவர் பூட்ஸைத் தூக்கிக் காட்டுவாராம். கிறிஸ்துமஸ் லீவில் அந்த ஊர்ப் பையன்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, சாப்பாட்டுக் கூடத்தையே மூடிவிடுவார்களாம். போக இடமில்லாத வெளிதேசத்துப் பிள்ளைகள் கொரியா, ஈரான், பிரேசில் என்று ஏழெட்டுப் பேர் ஒரே கட்டிடத்தில் மிஞ்சுவார்கள். எல்லாரும் எங்கள் அறைக்கு ரசம் குடிக்க வருவார்கள் என்றார்.

"உங்களிடம் அவ்வளவு பாத்திரம் இருந்ததா?" என்று நான் கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ.

"எங்கே? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தட்டு" என்றார். "அதிகம் வைத்திருந்தால் அகப்பட்டுக்கொள்வோம். சோற்றை நடுவில் கொட்டி, அவன் அந்தப் பக்கத்திலிருந்து, நான் இந்தப் பக்கத்திலிருந்து. முதல் வருஷம் அவனுக்கு அம்மை போட்டதே, அப்போதும் அதே தட்டுதான். எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது, பயமில்லை. பதினைந்து நாள் நான்தான் ஊட்டிவிட்டேன்."

அம்மையா? எங்களுக்குத் தெரியாது. அந்த மாதமும் "சௌக்கியம், பனி பெய்கிறது" என்றுதான் எழுதியிருந்தான். கதவோரம் நின்றிருந்த உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நிமிஷம் நான் இன்னொரு இலைத் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்திருக்க வேண்டும். வாசல் கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டில் மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன்.

சாப்பிட்டு முடித்து, அவரே இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவன் சமைப்பான், நான் கழுவுவேன். அதுதான் எங்கள் ஒப்பந்தம். இதை எங்கே போட வேண்டும் மன்னி?" என்றார். உங்கள் அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை. நேராக வந்து எச்சில் இலையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். இலையில் எல்லாம் பரிமாறியதும் அவர் காமிராவை என்னிடம் கொடுத்து, "இதை அவனுக்கு அனுப்ப வேண்டும், ஒன்று எடுங்கள்" என்றார். எந்தப் பித்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான்தான் அழுத்தினேன்.

சாயங்காலம் ரயிலேற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் ஊருக்கு வாருங்கள் அண்ணா, நானும் இப்படி உபசரிக்க வேண்டும்" என்றார்.

மூன்று மாதம் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது. உள்ளே அந்தப் போட்டோ.

"அண்ணா, அவன் அனுப்பியிருந்தான். ரொம்பச் சந்தோஷமாக எழுதியிருக்கிறான். தனக்கென்று இலை போட்டார்கள், அண்ணா உட்காராமல் நின்றே பரிமாறினார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் மீட்டர் பெட்டி தெரிகிறது. போட்டோ உன்னிடமே இருக்கட்டும்."

வேறொன்றும் இல்லை. மன்னிக்கு நமஸ்காரம்கூட இல்லை.

"தப்புப் பண்ணிட்டோம்னு ஒரு வரி எழுதிடுங்கோன்னா" என்றாள் உங்கள் அம்மா. "எழுதறேன்" என்றேன். ஒரு நீலக் கடிதத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழை எப்படி, மிளகு எப்படி என்று எழுதிப் பக்கத்தை நிரப்பி ஒட்டிவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்ததிலும் மழைதான். பிறகு அவனிடமிருந்து தீபாவளிக்கு ஒன்று, நீங்கள் பிறந்தபோது ஒவ்வொன்று என்று ஆகிவிட்டது. அவனுக்கு அங்கேயே வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் நடந்தது. என்னைக் கேட்கவில்லை, சொன்னான்.

பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அவன் வந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எதிர் வீட்டு மாமா அதற்குள் காலமாகிவிட்டார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. எறணாகுளத்திலிருந்து போட்டில் வந்து இறங்கினான், காதோரம் நரைத்திருந்தது. உங்களுக்குப் பென்சில், மிட்டாய் எல்லாம் கொடுத்தான். சாப்பாட்டு நேரம் வந்தது.

"உள்ளே வாடா, தட்டு வெச்சிருக்கு" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணா" என்றான். முன்னறையில், மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்தான். "மன்னி, எனக்கு இங்கேயே ஒரு இலை போடுங்கோ. என் சிநேகிதன் உட்கார்ந்த இடம்தானே. நன்னா காத்து வரது."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், எங்காவது ஒரு இடத்தில் மன்னிப்பும் வந்திருக்கும். வீட்டில் இலை இல்லை. உங்கள் அம்மா என்னைப் பார்க்காமலே கொல்லைப் பக்கம் போய்ப் பக்கத்து வீட்டு வாழையிலிருந்து ஒன்றை அறுத்து வந்தாள்.

இலையைப் பார்த்ததும் நீங்கள் இரண்டு பேரும் குதித்தீர்கள். "எனக்கும் இலை! எனக்கும் இலை! சித்தப்பா பக்கத்துல!" உங்கள் அம்மா அந்த இலையையே மூன்றாக நறுக்கினாள். நீங்கள் அவனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். சின்னவன் தன் அப்பளத்தை விட்டுவிட்டு அவன் அப்பளத்தை உடைத்துத் தின்றான். அவன் சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

நான் சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். மூன்று பேருக்கும் ஊற்றினேன். சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் இன்னொருத்தர் உட்கார இடம் இருந்தது. அவன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "போதும் அண்ணா" என்றான்.