மேலே இருந்த அட்டை

"ஜனவரி ஒன்று, காலை ஆராதனை, சிங்காநல்லூர். எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம்." சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு அட்டையின் பின்புறம் நான் எழுதிய குறிப்பு இது. கைக்கு வரும் எதன் மேலும் தேதியும் இடமும் எழுதிவிடுவது என் பழக்கம்.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான் என்று நம்பி, பைபிளுக்குள் வைத்துக்கொள்வோம்.

அந்த ஜனவரியில் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி இருந்தது. பெருந்துறையில் இருக்கும் என் மைத்துனருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அவருடைய அக்காவான என் மனைவி ஒன்றைத் தரத் தயாராக இருந்தாள், பரிசோதனையிலும் பொருந்திவிட்டது. கணவர் சம்மதமும் வேண்டும் என்றது மருத்துவமனை. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் அட்டையில் இருந்தது, அமைதியாய்த் தங்கியிருக்கச் சொல்லும் வசனம். அவளுடையது, உள்ளதைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்வது. என் அட்டையை அவளிடம் காட்டி, "ஆண்டவர் வேண்டாங்கறார்" என்றேன்.

"ஏனுங்க, ஒரே ஊட்டுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணும் எங்கிட்ட ஒண்ணுமா பேசுவாரு?"

"நான் குடும்பத் தலைவன். எங்கிட்டச் சொன்னதைத்தான் பார்க்கணும்."

"அப்படிங்களா. அன்னிக்கு நீங்க சேர் அடுக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு அட்டையும் நான்தானுங்க எடுத்தேன். அதுல மேல இருந்ததை உங்க கையில குடுத்துப்போட்டேன். தலைவருக்கு எதுன்னு அட்டையில ஒண்ணும் போடலீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். அதுவரை என் ஜெபம் என்றால் நானே பேசுவது. அவர் சொல்ல வேண்டிய பதிலையும் நானே சொல்லி ஆமென் போட்டுவிடுவேன். அன்று பேச ஒன்றுமில்லை. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட ஆரம்பித்தது. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆண்டவரின் குரல் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது, அறுவை சிகிச்சையில் அவளை இழந்துவிடுவேனோ என்ற என் பயம்தான் என்பது தெரிந்தது. அந்தப் பயத்தை அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னேன். பயம் போகவில்லை. அதை அவர் பெயருக்குப் பின்னால் ஒளித்துவைக்கத்தான் முடியாமல் போயிற்று.

சமையலறைக்குப் போய், "உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே." தோசைக்கல்லில் மாவை ஊற்றினாள். "பயந்துட்டேயும் குடுக்கலாமுங்க."

அந்த வாரமே சம்மதம் சொன்னேன். சிகிச்சை முடிந்து கண் விழித்தவள் முதலில் தம்பியைத்தான் கேட்டாள். மைத்துனர் இப்போது வேலைக்குப் போகிறார். இவளுக்குக் குனிந்து நிமிர்ந்தால் இன்னும் விலாப்புறம் இழுக்கிறது.

இரண்டு அட்டைகளும் என் பைபிளில் இருக்கின்றன. குறிப்பில் "எனக்குக் கிடைத்த" என்ற சொற்களை அடித்துவிட்டேன். தட்டிலிருந்து முதலில் எடுத்தது எது என்று அவளைப் பலமுறை கேட்டேன், நினைவில்லை என்கிறாள். எந்த அட்டை யாருக்கு வந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.